அவரவர் சொல்லில் அவரவர் ஆண்டவன்

ஆண்டவனிடம் மனிதன் எந்தச் சொற்களைக் கொண்டு பேசுவது? முன்னோர் எழுதி வைத்த சொற்களைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டுமா? எழுத்தறியாதவனும், தாழ்ந்த தொழில் செய்பவன் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவனும் தன் சொந்த வார்த்தையில் பேசினால் அது சந்நிதானத்தில் ஏறுமா?

இந்தக் கேள்விகளுக்குக் கன்னட நாடு 12-ம் நூற்றாண்டிலேயே ஒரு பதிலைச் சொல்லி விட்டது. அந்தப் பதிலைச் சொன்னவர்கள் பெரும் பண்டிதர்கள் மட்டும் அல்ல. படகு ஓட்டியவர், துணி வெளுத்தவர், கயிறு திரித்தவர், செருப்புத் தைத்தவர், தெருக் கூட்டியவர் என்று உழைத்துச் சாப்பிட்ட மக்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் சொன்னவை 'வசனங்கள்' என்று பெயர் பெற்றன. சீர், தளை என்ற கட்டுப்பாடு இல்லாமல், பேச்சு வழக்கை ஒட்டி, கேட்டவுடன் மனதில் தைக்கும் சிறிய வாக்குகள் அவை.

இன்றைக்குக் கிடைத்திருக்கும் வசனங்கள் சுமார் 20,000. அவற்றைச் சொன்னவர்கள் 200 பேருக்கு மேல். அவர்களில் 30-க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள்.

கல்யாண நகரம்

இந்த இயக்கத்தின் நடுநாயகமாக விளங்கியவர் பசவண்ணர். இன்றைய விஜயபுர மாவட்டத்தில் உள்ள பாகேவாடியில் அந்தணர் குடும்பத்தில் பிறந்தவர். பூணூல் கல்யாணம் நடக்க வேண்டிய வயதில் அதை வேண்டாம் என்று மறுத்து வீட்டை விட்டு வெளியேறினார் என்பது மரபு. கிருஷ்ணை நதியும் மலப்பிரபை நதியும் கூடுகிற கூடலசங்கமத்தில் கல்வி கற்றார். பின்னர் கலசூரி மன்னன் பிஜ்ஜளனிடம் அலுவலில் சேர்ந்து, கருவூலத்தைக் கவனிக்கும் உயர்ந்த பதவிக்கு வந்தார். மன்னனின் தலைநகரம் கல்யாணம். பீதர் மாவட்டத்தில் இன்று பசவகல்யாண் என்று அழைக்கப்படும் ஊர் அதுதான்.

அந்த நகரில் 'அனுபவ மண்டபம்' என்ற பெயரில் அடியார்கள் கூடிப் பேசினார்கள் என்று வீரசைவ நூல்கள் கூறுகின்றன. அந்த மண்டபம் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டதா, அல்லது அடியார் கூட்டத்துக்கே அந்தப் பெயரா என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அங்கே மந்திரியும் படகோட்டியும் சரிசமமாகப் பேசினார்கள் என்பதற்கு அவர்கள் விட்டுச் சென்ற வசனங்களே சாட்சி. 'சாஸ்திரம் என்ன சொல்கிறது?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'உன் அனுபவம் என்ன சொல்கிறது?' என்று அங்கே கேட்டார்கள். பெயரே அனுபவ மண்டபம் அல்லவா!

முத்திரை சொல்லும் கதை

கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு முத்திரை என்றால் என்னவென்று தெரியும். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதியில் 'குருகுஹ' என்று வரும். தியாகராஜரின் கிருதியில் அவர் பெயரே வரும். அதைக் கேட்டவுடன் பாட்டு யாருடையது என்று சொல்லி விடலாம்.

வசனங்களிலும் அப்படி ஒரு முத்திரை உண்டு. கன்னடத்தில் அதற்கு 'அங்கித' என்று பெயர். பெரும்பாலான வசனகாரர்களின் முத்திரை, அவர்கள் இறைவனை அழைத்த பெயராகவே இருக்கும். பசவண்ணருக்குக் கூடலசங்கமதேவன். அல்லமப் பிரபுவுக்குக் குஹேஸ்வரன். அக்கமகாதேவிக்குச் சென்னமல்லிகார்ஜுனன். துணி வெளுத்த மடிவாள மாச்சிதேவருக்குக் கலிதேவன். பசவண்ணருக்கு முன்பே வாழ்ந்த நெசவாளர் ஜேடர தாசிமய்யாவுக்கு ராமநாதன்.

எல்லாரும் வணங்கியது சிவனைத்தான். கழுத்தில் அணிந்த இஷ்டலிங்கமும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் கூப்பிடும் பெயர் மட்டும் அவரவருக்குச் சொந்தம். ஒரே தாய்க்குப் பத்துக் குழந்தைகள் இருந்தால் பத்தும் அவளை அம்மா என்றே அழைத்தாலும், குரலைக் கேட்டவுடன் இன்ன குழந்தை என்று தாய் அறிவாள். அது போன்றதே இது.

சிலருடைய முத்திரை இன்னும் வியப்பானது. செருப்புத் தொழிலாளியான மாதார சென்னய்யாவின் முத்திரையில் அவர் கையில் பிடித்த உளியும் கத்தியும் அடிக்கட்டையும் வந்து நிற்கின்றன. தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கிப் போன கருவிகளை அவர் ஆண்டவனின் பெயரோடு சேர்த்துக் கட்டி விட்டார். அந்தச் சென்னய்யாவைத் தம் உறவுக்காரராகவே கொண்டாடிப் பேசினார் மந்திரி பசவண்ணர்.

படகோட்டி அம்பிகர சௌடய்யாவோ எந்தத் தெய்வத்தின் பெயரையும் முத்திரையாக வைத்துக் கொள்ளவில்லை. தம் பெயரையே வைத்துக் கொண்டார். 'அம்பிகர' என்றால் படகோட்டி. தொழிலும் பெயரும் சேர்ந்ததே அவர் முத்திரை. 'சொல்கிறவன் நான், இதற்குப் பொறுப்பும் நான்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல அது ஒலிக்கிறது. வேஷதாரிகளையும் போலி குருமார்களையும் கண்டிப்பதில் அவரை மிஞ்சியவர் இல்லை.

மந்திரி பாடியதும், தாமே பேசியதும்

தமிழர்களுக்கு இதெல்லாம் முற்றிலும் புதிய செய்தி அல்ல. கல்யாண நகரில் வசனங்கள் பிறந்த அதே 12-ம் நூற்றாண்டில்தான் தமிழ் நாட்டில் சேக்கிழார் பெரிய புராணத்தைப் பாடினார். சேக்கிழாரும் சோழ மன்னரிடம் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அவரும் குயவராகிய திருநீலகண்டரையும், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரையும், மீன் பிடித்த அதிபத்தரையும், வேடராகிய கண்ணப்பரையும் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்.

அறுபத்து மூவரைக் கன்னட அடியார்கள் 'புராதனர்' என்று போற்றினார்கள். வசனங்களில் தமிழ் நாயன்மார்களின் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. சிறுத்தொண்டர் அங்கே சிரியாளர் ஆனார். சுந்தரர் நம்பியண்ணர் ஆனார். ஹரிஹரர் என்ற கன்னடக் கவிஞர் சுந்தரரைப் பற்றி நம்பியண்ணன ரகளெ என்ற தனி நூலே இயற்றியிருக்கிறார்.

ஆனால் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. திருநீலகண்டர் என்ன நினைத்தார், அதிபத்தர் கடலில் வலை வீசும்போது என்ன சொல்லி ஆண்டவனை அழைத்தார் என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் வாயிலிருந்து வந்ததாக ஒரு பாடல் கூட நம் கைக்கு வரவில்லை. அவர்களுக்காகச் சுந்தரர் தொகை பாடினார். நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாடினார். சேக்கிழார் காவியம் பாடினார். கல்யாணத்திலோ படகோட்டியே பேசினார். கயிறு திரித்தவரே பேசினார். தொண்டர் பெருமை பேசிய புராணம் தமிழின் செல்வம் என்றால், தொண்டர்களே பேசிய பேச்சு கன்னடத்தின் செல்வம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு, கர்நாடகத்தில் வாழும் தமிழர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

பெண்களின் குரல்

வசனகாரப் பெண்களில் முதலில் நினைவுக்கு வருபவர் அக்கமகாதேவி. சிவமொக்கா மாவட்டத்து உடுதடியில் பிறந்தவர். அந்தப் பகுதியின் தலைவன் கௌசிகன் அவர் அழகைக் கண்டு மயங்கினான். மகாதேவியோ சென்னமல்லிகார்ஜுனனே தன் கணவன் என்று உறுதி கொண்டவர். மாளிகையையும் நகைகளையும் மட்டுமின்றி உடுத்திய ஆடையையும் துறந்து, நீண்ட கூந்தலே போர்வையாகக் கல்யாணத்துக்கு நடந்தார் என்கிறது வரலாறு.

அடியார் கூட்டம் அவரை உடனே வரவேற்று விடவில்லை. அல்லமப் பிரபு எதிரே நின்று கேள்விமேல் கேள்வி கேட்டார். ஆடையைத் துறந்தவளுக்குக் கூந்தலால் மறைப்பு எதற்கு என்றும் கேட்டார். மறைப்பு தனக்காக அல்ல, பார்ப்பவர்களின் மனம் கலங்காமல் இருப்பதற்காக என்ற பொருளில் மகாதேவி விடை சொன்னார். சபை தலை வணங்கியது. வயதில் இளையவரான அவரை 'அக்கா' என்று அழைத்தது. பிறகு அவர் ஸ்ரீசைலத்துக்குச் சென்று அங்கே இறைவனோடு கலந்தார் என்பார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு உடனே காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வருவார். ஒருவர் அழகு உடலை உதறிப் பேய் வடிவம் வேண்டினார்; மற்றொருவர் அழகை மறைத்த ஆடையையே உதறினார். அம்மையாரும் தம் பாடல்களில் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்று குறித்துக் கொண்டவர். உலகம் இகழ்ச்சியாகச் சொல்லும் சொல்லையே தன் கையொப்பமாக்கிக் கொள்ளும் துணிவு இரண்டு நாட்டுப் பெண்களுக்கும் இருந்திருக்கிறது.

ஆய்தக்கி லக்கம்மாவின் கதை வேறு விதமானது. அவர் கணவர் மாரய்யா, சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வந்து அடியார்களுக்கு அன்னமிடுவதைத் தம் தொழிலாகக் கொண்டவர். ஒரு நாள் வழக்கத்தைவிட அதிகமாக அரிசி கொண்டு வந்தார். லக்கம்மா முகம் மலரவில்லை. இந்த ஆசை நமக்கு எதற்கு, தேவைக்கு மேல் உள்ளதைக் கொண்டுபோய் அங்கேயே கொட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். கணவனைத் திருத்திய அந்தப் பெண்ணின் முத்திரையில், மாரய்யாவுக்குப் பிரியமான அமரேஸ்வர லிங்கம் என்று கணவன் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. அன்பும் கண்டிப்பும் ஒரே பெயருக்குள் அடங்கி விட்டன.

உரிமைக்கு ஒரு கடிவாளம்

தன் சொல், தன் முத்திரை, தன் அனுபவம் என்றால் ஆளுக்கொரு வழியில் போய்விடலாம் என்று அர்த்தமா? அப்படி அல்ல. இங்கேதான் வசனகாரர்களின் பெருமை இருக்கிறது.

தனித்தன்மைக்கு அவர்கள் ஒரு கடிவாளம் போட்டார்கள். சொல்லும் செயலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அது. எவ்வளவு அழகாகப் பேசினாலும் நடத்தை அதற்குத் தகுந்தபடி இல்லாவிட்டால் அந்தப் பேச்சை ஆண்டவன் ஏற்க மாட்டான் என்பது பசவண்ணரின் கட்சி.

இரண்டாவது கடிவாளம் 'காயகம்'. உடம்பால் உழைத்துச் சம்பாதிப்பதற்கு அந்தப் பெயர். எவரும் சும்மா இருந்து சாப்பிடக் கூடாது. உழைத்துக் கிடைத்ததில் தன் தேவை போக மீதியைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். அதற்குத் 'தாசோகம்' என்று பெயர்.

நுலிய சந்தய்யா கயிறு திரிப்பவர். ஏரியில் இறங்கிப் புல் அறுக்கும்போது அவர் கழுத்தில் இருந்த இஷ்டலிங்கம் தண்ணீரில் விழுந்து விட்டதாம். அவர் அதைத் தேடவில்லை. புல்லைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். லிங்கமே பின்னால் வந்து தன்னை ஏற்றுக் கொள்ளும்படி மன்றாடியது என்று கதை முடிகிறது. வழிபாடு தவறினாலும் உழைப்பு தவறக் கூடாது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியுமா?

கொடுத்த விலை

இத்தகைய சமத்துவம் பேச்சோடு நின்றிருந்தால் ஒருவேளை கல்யாண நகரம் பொறுத்துக் கொண்டிருக்கும். அது செயலில் இறங்கியபோது விபரீதம் விளைந்தது. செருப்புத் தொழிலாளியான ஹரளய்யாவின் மகனுக்கும், அந்தணர் குலத்தில் பிறந்து அடியாரான மதுவரசரின் மகளுக்கும் திருமணம் நடந்தது. வைதிகர்கள் கொதித்தார்கள். மன்னன் பிஜ்ஜளன் மணமக்களின் தந்தையர் இருவரையும் கொடூரமாகக் கொல்லச் செய்தான் என்று மரபு கூறுகிறது. கலவரம் மூண்டது. 1167-ம் ஆண்டை ஒட்டி மன்னனும் கொலையுண்டான். பசவண்ணர் கூடலசங்கமம் திரும்பினார். அடியார்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். உயிருக்கு அடுத்தபடியாக அவர்கள் காப்பாற்ற முயன்றது ஓலைச் சுவடிகளை என்பார்கள்.

15-ம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் இந்த வசனங்கள் திரட்டப்பட்டன. அடியார்கள் உரையாடுவது போல அமைந்த 'சூன்ய சம்பாதனை' என்ற தொகுப்பு அப்போதுதான் உருவாயிற்று. பிறகு நெடுங்காலம் ஏடுகள் மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் கிடந்தன.

20-ம் நூற்றாண்டில் அவற்றுக்கு மறுவாழ்வு தந்தவர் பிஜாப்பூர் வக்கீல் ப.கு. ஹளகட்டி. தமிழுக்கு ஒரு உ.வே. சாமிநாதையர் போலக் கன்னட வசனங்களுக்கு இவர். வீடு வீடாகச் சென்று சுவடி தேடினார். 1923-ல் 'வசன சாஸ்திர சாரம்' நூலை வெளியிட்டார். 1926-ல் 'சிவானுபவ' பத்திரிகையைத் தொடங்கினார். இந்தப் பணிக்காகச் சொந்த வீட்டையே விற்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1964-ல் அவர் காலமானபோது, அவர் பெயருக்குச் சொத்து என்று சொல்ல இருந்தவை வசனங்களே.

பெயரை மாற்றலாமா?

முத்திரை என்பது வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. 1990-களில் வெளியான ஒரு பதிப்பில் பசவண்ணரின் வசனங்களில் 'கூடலசங்கமதேவா' என்ற முத்திரைக்குப் பதிலாக 'லிங்கதேவா' என்று அச்சிடப்பட்டது. மாற்றியவர் பசவண்ணரிடம் ஆழ்ந்த பக்தி கொண்ட ஒரு பீடாதிபதியே. ஆயினும் பக்தர்கள் பலருடைய மனம் புண்பட்டது. 1998-ல் கர்நாடக அரசு அந்த நூலுக்குத் தடை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2017-ல் தடை செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

ஒரு நூலைத் தடை செய்வது சரியா என்று வாதிடுபவர்கள் உண்டு; அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு மனிதன் தன் ஆண்டவனை அழைத்த பெயரை, 850 ஆண்டுகளுக்குப் பின் மற்றொருவர் மாற்றலாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் மனம் 'கூடாது' என்றுதான் சொல்லும். எத்தனை உயர்ந்த நோக்கமானாலும் பிறர் குரலில் நாம் பேசக் கூடாது அல்லவா?

கருத்தைச் சொல்வதற்கு விலை கொடுப்பது கல்யாணத்தோடு முடிந்து விடவும் இல்லை. கர்நாடக அரசு 1993-ல் வசனங்களை 15 தொகுதிகளாக வெளியிட்டபோது அந்தப் பணியில் முக்கியப் பங்கு வகித்தவர் பேராசிரியர் எம்.எம். கல்புர்கி. சாகித்ய அகாதமி பரிசு பெற்ற அறிஞர். ஆராய்ச்சியில் தமக்கு உண்மை என்று பட்டதைத் தயங்காமல் சொன்னவர். 2015 ஆகஸ்ட் 30-ம் தேதி தார்வாரில் தம் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அண்டை வீட்டுச் செல்வம்

வசனங்களை உலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர் தமிழர் என்பது நமக்குப் பெருமை. மைசூரில் 1929-ல் பிறந்த ஏ.கே. ராமானுஜன் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவர். 1973-ல் அவர் வெளியிட்ட 'ஸ்பீக்கிங் ஆஃப் சிவா' என்ற ஆங்கில நூல் மூலமாகத்தான் பசவண்ணரும் அக்கமகாதேவியும் கடல் கடந்து சென்றார்கள். குறுந்தொகையையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்துக்குக் கொண்டு போனவரும் அவரே. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்வது குறை என்று எண்ணும் தமிழ்ப் பெற்றோர் அவரை நினைத்துக் கொள்ளலாம். அவருக்கு இரண்டு மொழிகளும் இரண்டு கண்களாகவே இருந்தன.

2009-ம் ஆண்டு ஆகஸ்டில், பல ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை பெங்களூர் அல்சூரில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் இடம் மாறி நிற்பது நல்லதே. அவற்றோடு சொற்களும் இடம் மாற வேண்டும். பெங்களூரில் உள்ள பசவ சமிதி, தேர்ந்தெடுத்த வசனங்களைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கொண்டு வந்திருக்கிறது. கன்னடம் படிக்கத் தெரிந்த குழந்தைகள் வீட்டில் இருந்தால் மூலத்தையே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். தாத்தா பாட்டிக்குப் பேரன் அர்த்தம் சொல்லும் காட்சி எந்த வீட்டுக்கும் அழகு.

ஒரே ஒரு வசனம்

சங்கவ்வை என்று ஒரு வசனகாரப் பெண் இருந்தார். உடலை விற்றுப் பிழைத்தவர். 'சூளே' என்ற தொழில் பெயரோடு சேர்த்தே அவரை அழைத்தார்கள். அவர் எந்த ஊர், யார் பெற்றோர், எத்தனை காலம் வாழ்ந்தார் என்பதெல்லாம் மறைந்து போயிற்று. அவர் சொன்னதாக ஒரே ஒரு வசனம் கிடைத்திருக்கிறது. ஒருவரிடம் ஒப்புக் கொண்டு பணம் வாங்கிய பின் வேறொருவரை ஏற்கலாகாது என்ற தன் தொழில் தர்மத்தை வைத்து, பக்தியிலும் சொன்ன சொல் தவறக் கூடாது என்று அதில் அவர் கூறுகிறார்.

அந்த வசனத்தின் முடிவில் அவர் ஆண்டவனை அழைக்கும் பெயர் 'நிர்லஜ்ஜேஸ்வரன்'. வெட்கம் இல்லாத ஈஸ்வரன் என்று பொருள். ஊரார் அவரைப் பார்த்து என்ன சொல்லி ஏசியிருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கஷ்டம் இல்லை. அந்த ஏச்சையே எடுத்து ஆண்டவனுக்குப் பெயராகச் சூட்டிவிட்டார். தன்னைத் தள்ளி வைத்த உலகத்தோடு சேர்ந்து வெட்கப்படாமல், தன் பக்கத்தில் வந்து நிற்கும் ஒரு தெய்வம் அவருக்குத் தேவைப்பட்டது. அந்தத் தெய்வத்துக்கு அந்தப் பெயரை வேறு யாராலும் வைத்திருக்க முடியாது.

அரண்மனைகள் இருந்த இடம் தெரியவில்லை. கருவூலத்தில் இருந்த பொன் போன இடமும் தெரியவில்லை. சங்கவ்வையின் ஒரு வசனமும், அதன் கடைசியில் அவர் இட்ட முத்திரையும் அப்படியே இருக்கின்றன.